பளிச்சென்று ஒரு பொய்

மார்ச் 4
ஆராய்ச்சிக் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. இரண்டு மதிப்பீட்டாளர்கள் ஆகா ஓகோ என்கிறார்கள். மூன்றாவது ஆசாமிக்கு மட்டும் சந்தேகமாம்: “இந்தப் புரோகிராம் படத்தைத் தெளிவாக்குகிறதா, இட்டுக்கட்டுகிறதா?”

இட்டுக்கட்டுகிறதாம்! கிளினிக்குகளில் போனில் படமெடுத்து அனுப்பும் மங்கலான மருந்துச் சீட்டுகளைத் துலக்கி, விட்டுப்போன எழுத்தை மொழியறிவால் நிரப்பி, நூற்றுக்குத் தொண்ணூற்றேழைச் சரியாகப் படிக்கிறது. மூன்று வருட உழைப்பு. முகம் தெரியாத ஒருவர் ஒரே வரியில் காறித் துப்புகிறார்.

என் பிஎச்.டி. கைடு சிரிக்கிறார். “விடும்மா. அடுத்த மாசம் ஒண்ணாம் தேதி ஆஸ்பத்திரியில ஓடப் போகுது. அப்புறம் யார் கேக்கப் போறா?”

மார்ச் 5
மூன்றாவது ஆசாமிக்கு நாலு பக்கம் பதில் எழுதினேன். அனுப்பினால் போலீஸ் வரும்.

மார்ச் 9
அந்த ஆளின் வாயை அடைக்க ஒரு சோதனை. ஒன்றும் எழுதாத வெள்ளைத் தாளைக் கை ஆட ஆடப் படமெடுத்துக் கொடுத்தேன். ஒன்றும் வராது என்றுதானே கொடுத்தேன்?

வந்தது. முத்துமுத்தான எழுத்தில் — காலை ஒன்று, இரவு ஒன்று, ஐந்து நாள்.

பக்கத்து மேஜைக்காரன், நாங்கள் சோடாபுட்டி என்று கூப்பிடுகிறவன், எட்டிப் பார்த்தான். “டாக்டரே இல்லாம மருந்து எழுதுது. பரவாயில்லையே!” அவனிடம் கத்திவிட்டேன். பாவம், அவன் என்ன செய்வான்.

மார்ச் 11
தவறிய மூன்று சதவீதத்தை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முக்கால்வாசி குழந்தைகளின் சீட்டுகள். ‘அரை மாத்திரை’ எல்லாம் ‘ஒரு மாத்திரை’ ஆகியிருக்கிறது. நான் அதற்குக் கொடுத்துப் பழக்கிய சீட்டுகளில் அரை அபூர்வம். எதை அதிகம் பார்த்ததோ, அதையே எழுதித் தள்ளுகிறது.

இதை நான் போன வருடமே பார்த்தேன். கட்டுரையில் அட்டவணைக்குக் கீழே ‘சிறு பிழைகள்’ என்று எழுதி முடித்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நானேதான். சீ.

மார்ச் 12
கைடிடம் சொன்னேன். “வெறும் தாளை எவன்மா அனுப்பப் போறான்? ஆஸ்பத்திரியோட கையெழுத்துப் போட்டாச்சு. உனக்குப் பட்டம் வேணுமா, வேண்டாமா?” குழந்தைகள் சீட்டு சார் என்றேன். “தொண்ணூத்தேழும்மா!”

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி சாராம். செருப்பால அடிக்கணும் என்னை.

மார்ச் 13
அக்கா சொல்கிறாள்: “பட்டத்தை வாங்கிட்டு அப்புறமா சண்டை போடேன்டி. சும்மா இருக்கற சங்கை ஏன் ஊதற?” அதுவரைக்கும் குழந்தைங்க முழுசா முழுங்கட்டுமா என்று கத்தினேன். அவள்மேல் எரிந்து விழுந்து என்ன ஆகப் போகிறது?

மார்ச் 19
யாரிடமும் சொல்லாமல் ஆஸ்பத்திரி மருந்தகத்துக்கே போனேன். அங்கே பொறுப்பாக இருக்கும் அம்மா முன்னால் ஒரு குழந்தையின் மங்கலான சீட்டையும், என் புரோகிராம் துலக்கிக் கொடுத்ததையும் வைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“மங்கலா இருந்தா டாக்டருக்குப் போன் போட்டுக் கேப்போம். இது பளிச்சுன்னு இருக்கே. யாரும்மா கேப்பா?”

மூன்று வருடமாக அந்தச் சந்தேகத்தைத்தான் துடைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஏப்ரல் 1
ஓடவில்லை. மருந்தகத்து அம்மா சொல்லி ஆஸ்பத்திரியில் நிறுத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 2
என் அடையாள அட்டைக்கு லேப் கதவு திறக்கவில்லை. சோடாபுட்டி என் சாமானைப் பெட்டியில் போட்டு வாசலுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “நல்ல வேலை செஞ்சீங்க” என்றான். அதைக் கைடு முன்னால சொல்றதுதானே!

செப்டம்பர் 22
வேறு துறை, வேறு கைடு, மறுபடி முதல் வருடம். பழைய கைடு ஏதோ மாநாட்டில் அதே தொண்ணூற்றேழைப் பேசிக் கைதட்டு வாங்கினாராம். வாங்கட்டும். இல்லை, வாங்கக் கூடாது. கோபம் தீரவில்லை.

என் புதிய புரோகிராம் நூற்றுக்கு அறுபத்தொன்பதுதான் படித்தது. மீதி முப்பத்தொன்றுக்கு ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டது. மருந்தகத்து அம்மாவிடம் சொல்ல வெட்கமாகத்தான் இருந்தது.

“முப்பத்தொண்ணுதானே?” என்றார். “குடும்மா, போன் போட்டுக்கறோம்.”