சிவகாமி டெஸ்ட்

என் பிரியத்துக்குரிய தங்கச்சி சிவகாமிக்கு,

இது அச்சில் வரப்போகும் கடிதம். ஊரார் படிப்பார்கள் என்பதால் ஒரு பெரிய மனிதரின் பெயரை மட்டும் எழுதாமல் விடுகிறேன். 'இந்த அண்ணன் எப்பவும் இப்படித்தான்' என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆயுள் முழுக்கக் கல்லூரியில் வேதியியல் நடத்திய பழக்கம் போகவில்லை. குறிப்புகளை முதலில் வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. எரிபொருள் மின்கல ஆராய்ச்சியில் தலைசிறந்தவர்கள் என்று மூன்று பேருக்கு நேற்று மாலை நம் விருதுநகரில் பாராட்டு விழா நடந்தது.

2. அதில் உன் பெயரையும் சேர்க்கும்படி கேட்டேன். சேர்க்கவில்லை.

3. மூவரில் முதலாமவர், உன் ஆய்வகத் தலைவர், உன்னை மறந்துவிட்டார்.

4. நான் மேடையில் உன் பெயரைச் சொன்னேன்.

நாலாவதில் எனக்கே சந்தேகம் இருக்கிறது. அதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

நீ போய் மூன்று தீபாவளி முடிந்துவிட்டது. விழாக் குழுவின் செயலாளர் தங்கபாண்டியை உனக்குத் தெரியும். என்னிடம் படித்தவன், இப்போது சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கிறான். வருடம் ஒரு துறை என்று ஆள் பிடித்துப் பாராட்டுகிறார்கள். இந்த வருடம் ஹைட்ரஜன் பஸ் ஓடப்போகிறது என்று யாரோ அவன் காதில் போட்டிருக்கிறார்கள். அழைப்பிதழில் உன் தலைவரின் படத்தைப் பார்த்ததும் அவன் ஆபீசுக்குப் போனேன். வாசல் வரை போய் ஒரு தடவை திரும்பிவிட்டு, மறுபடி போனேன்.

"வாங்க சார், இருங்க. காப்பி சாப்பிடுதீகளா?"

"நாலாவதா ஒரு பேரு சேர்க்க முடியுமா தங்கபாண்டி? சிவகாமி. என் தங்கச்சி. அந்த வேலையில பாதி அவ செஞ்சது."

"அக்கா பெரிய ஆளுல்லா! யாரு இல்லேன்னா? ஆனா சார், மேடைக்கு ஆளு வேணும்ல. பொன்னாடைய எங்கன போத்துறது? போட்டோவுக்கா?"

பக்கத்தில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த அவன் மச்சினன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "போட்டோவுக்கு மாலைதேன் மாப்ளே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சிவகாமி. எதற்காகச் சிரித்தேன்?

அவன் கெட்டவன் இல்லை. என் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, "நீங்க அஞ்சு நிமிசம் பேசுங்க சார். அந்த மின்கலம்னா என்னன்னு எங்க எல்லாருக்கும் வெளங்குற மாதிரி. எனக்கே அது பேட்டரியா, கேஸ் சிலிண்டரான்னு தெரியாது" என்றான். ஒப்புக்கொண்டேன். விளக்கம் சொல்லும்போது நடுவில் உன் பெயரை வைத்துவிடலாம் என்று எனக்குள் ஒரு கணக்கு.

இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்களுக்கும் அந்த விளக்கம் வேண்டும். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்று, நடுவில் மெல்லிய சவ்வு. ஹைட்ரஜன் தன் எலக்ட்ரானை விட்டுவிட்டுச் சவ்வு வழியே அந்தப் பக்கம் போகிறது. எலக்ட்ரான் வெளிக் கம்பி வழியே சுற்றிப் போகிறது, அதுதான் மின்சாரம். கடைசியில் மிஞ்சுவது தண்ணீர். இதை நடத்திவைப்பது பிளாட்டினம். அந்தப் பிளாட்டினம் துகள் துகளாகக் கரிப்பொடியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கரி அரித்துப்போனால் பிளாட்டினத்துக்கு இடம் போச்சு, மின்கலமும் போச்சு.

இதில் உன் பங்கை நீ எனக்குச் சொன்னது ஒரு பொங்கல் விடுமுறையில். கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாய். "அண்ணே, எங்க லேப்ல மின்கலத்த மதுரையில இருந்து திருநெல்வேலிக்கு எக்ஸ்பிரஸ் கணக்கா நிக்காம ஓட்டிப் பாக்காக. அருமையா ஓடுது. நம்ம சாத்தூர் டவுன் பஸ் கணக்கா நிப்பாட்டி நிப்பாட்டி ஓட்டுனா?"

ஓட்டிப் பார்த்தாய். மின்கலங்கள் ஒவ்வொன்றாகச் செத்தன. ஓடும்போது வராத கேடு, நிறுத்தி மறுபடி கிளப்பும்போது வருகிறது. ஹைட்ரஜன் இருக்கவேண்டிய பக்கத்தில் காற்று நுழைந்து மறுபக்கத்துக் கரியை அரிக்கிறது என்று கண்டாய். உள்ளே மிஞ்சிய ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு நிறுத்தினால் அரிப்பு குறைகிறது என்றும் நீயே கண்டாய். ஆனால் முதல் பாதியைச் சொன்னதுமே லேப்பில் உனக்கு இருந்த நல்ல பெயர் போய்விட்டது. "சாகுதுன்னு சொன்னதுக்கு, நான்தான் கொன்ன மாதிரி பாக்காக அண்ணே" என்றாய். அதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்.

நேற்று பாராட்டுப் பத்திரம் வாசித்தார்கள். 'நின்று நின்று ஓடினாலும் கெடாத மின்கலத்தை நாட்டுக்குத் தந்த மேதை.' கைதட்டினார்கள். தலைவர் ஏற்புரையில் தன் ஆசிரியருக்கு நன்றி சொன்னார், மனைவிக்குச் சொன்னார், ஆய்வகத்தின் கார் டிரைவருக்குக்கூடப் பெயர் சொல்லி நன்றி சொன்னார். மற்றதெல்லாம் 'நாங்கள்', 'எங்கள் குழு.' அந்த 'நாங்கள்' என்ற சொல்லுக்குள் நீ எங்கே நின்றாய் என்று தேடித் தேடிப் பார்த்தேன். என் மூன்றாவது குறிப்புக்கு ஆதாரம் இதுதான்.

பிறகு என் முறை. கை நடுங்கினால் தெரியக் கூடாது என்று தடித்த அட்டையில் எழுதிப் போயிருந்தேன். சவ்வைச் சொன்னேன், பிளாட்டினத்தைச் சொன்னேன், டவுன் பஸ்ஸைச் சொன்னேன். சபையில் சிரிப்பு எழுந்தது. கொஞ்சம் தைரியம் வந்தது. "இதைக் கண்டுபிடித்தவர்..." என்று ஆரம்பித்தேன்.

வெளியே ஒருவன் கத்தினான்: "ஐயா கார் வந்துருச்சு, கொளுத்துலே!"

தாமதமாக வந்த சிறப்பு விருந்தினருக்கான சரவெடி. தங்கபாண்டி கம்பெனிச் சரம் எப்போது ஓயும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தச் சத்தத்துக்குள்தான் உன் பெயரைச் சொன்னேன். சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். உதடு அசைந்தது நிச்சயம். மண்டபத்துக்குள் புகை வந்தது. புகையில்லாத உலகம் படைக்கப் போகிறவர்கள் புதுப் பொன்னாடையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினார்கள். சத்தம் அடங்கியபோது மைக் தங்கபாண்டி கையில் இருந்தது. "சார் ரொம்ப எளிமையா வெளக்குனாக. நன்றி சார்."

இறங்கி வரும்போது அவனிடம், "கேட்டுச்சாப்பா?" என்றேன்.

"என்னது சார், மைக்கா? மைக் நல்லாத்தான் இருந்துச்சு."

இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். நீயாக இருந்தால் மைக்கைப் பிடுங்கியிருப்பாய்.

இதுவரை காலையில் எழுதியது. இந்த இடத்தில் தங்கபாண்டியிடமிருந்து போன் வந்தது. தலைவர் இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிடப் போகிறாராம். "பேச்சுத் துணைக்கு நீங்க போய்ட்டு வாங்க சார், படிச்சவுக இருந்தா நல்லாருக்கும்." மாட்டேன் என்று எனக்குச் சொல்ல வராது. சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

சாத்தூர் தாண்டியதும் எங்களுக்கு முன்னால் ஒரு டவுன் பஸ். ஒதுங்க வழியில்லை. நிற்கிறது, கிளம்புகிறது, நிற்கிறது. எங்கள் டிரைவர் பொறுமை இழந்து, "வேப்பமரம் கைய நீட்டுனாக்கூட நிப்பாட்டுவான் சார் இவன்" என்றான்.

தலைவர் சத்தமாகச் சிரித்தார். "இதுதான் சிவகாமி டெஸ்ட்" என்றார்.

சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன்.

"லேப்ல இன்னும் அப்படித்தான் சொல்றோம் சார். எந்தப் புது மின்கலம் வந்தாலும், சிவகாமி டெஸ்ட் முடிஞ்சுதான்னு கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். புதுசா சேர்ற பசங்க, அது ஏதோ உங்க ஊர் பஸ் கம்பெனி பேருன்னு நினைச்சுக்கிறாங்க." மறுபடியும் சிரித்தார்.

கேட்டுவிட்டேன், சிவகாமி. "அப்போ நேத்து மேடையில ஏன் சொல்லல?"

அவர் கோபப்படவில்லை, பிரியமாகத்தான் பதில் சொன்னார். "பேரைச் சொன்னா முழுசாச் சொல்லணுமே சார். நம்ம முதல் ஹைட்ரஜன் பஸ்ஸை இப்ப ரோட்டுல இறக்காதீங்க, இது ஊருக்குள்ள தாங்காதுன்னு அவங்க எழுதியே கொடுத்தாங்க. நாங்க இறக்கினோம். கொஞ்ச மாசத்துல நின்னுபோச்சு. பாராட்டு விழாவுல அதை எப்படிப் பேசுறது? அந்த வெடிச் சத்தத்துல நீங்க பேரைச் சொன்னதும் எனக்குக் கேட்டுச்சு. மைக்குக்குப் பக்கத்து நாற்காலிதானே நான்."

அவருக்குக் கேட்டிருக்கிறது! நாலாவது குறிப்பு சரிதான் என்று ஒரு கணம் மகிழ்ந்தேன். நான் எப்படிப்பட்ட மனிதன் என்று பார்த்துக்கொள். வாத்தியார் புத்தி.

அவர் உள்ளே போய்த் தேங்காய் உடைத்துவிட்டு, நெற்றி நிறையத் திருநீறும் குங்குமமுமாக வந்தார். நான் கோயிலுக்குள் போகவில்லை. திரும்பும் வழியில் அந்த முதல் பஸ்ஸின் நிறம், எந்தத் தெருவில் நின்றது, அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். கார் கதவை மூடும்போது, "ஒரு நாள் எங்க லேபுக்கு வாங்க சார்" என்றார். உபசாரத்துக்குச் சொல்வதுதான்.

நான் நிஜமாகவே போகப் போகிறேன். ரயிலுக்குச் சீட்டு எடுத்தாயிற்று. எடுக்காவிட்டால் மனம் மாறிவிடுவேன் என்று வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஸ்டேஷனுக்குப் போய்விட்டேன். அங்கே அந்தப் பிள்ளைகளை உட்கார வைத்து, சிவகாமி என்பது பஸ் கம்பெனி இல்லை, என் தங்கச்சி என்று சொல்வேன். முதல் பஸ்ஸைப் பற்றி நீ எழுதிக் கொடுத்ததையும் சொல்வேன். குரல் நடுங்கும். நடுங்கட்டும். தலைவர் பக்கத்தில் நிற்கும்போதே சொல்வேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

இனி ஒரு திருத்தம். மேலே மூன்றாவதாக எழுதியது தவறு. அவர் உன்னை மறக்கவில்லை. நீ பேசிய வாக்கியம்கூட அவருக்கு வரிசையாக நினைவிருக்கிறது. மறந்திருந்தால், பாவம் வயசாகிவிட்டது என்று நானும் விட்டிருப்பேன்.

உன் கூடப்பிறந்த
பெரியண்ணன்