கோமதியோடு விளக்கு பார்க்கப் போனது

ஜூன் 25, செவ்வாய்

காலையிலிருந்து சாரல் காற்று. கொடியில் போட்ட துணி ஒன்றும் காயவில்லை. வாங்க வேண்டியது: மண்ணெண்ணெய், கோமதிக்கு ரவிக்கைத் துணி, இவருக்கு மூட்டுவலித் தைலம்.

மாடி வீட்டு போனுக்கு ஓசூரிலிருந்து அழைப்பு. கோமதிக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளையின் அக்கா. கல்யாணம் திருச்செந்தூர் கோயிலில், அடுத்த வாரம் வெள்ளி. ஆடி பிறப்பதற்குள் முடித்துவிடலாமாம். சந்தோஷம் என்றேன். அப்புறம் கொஞ்சம் இழுத்தாள். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. பழைய வீட்டு ஆளுக பக்கத்துல நின்னா எங்க அம்மாவுக்குச் சங்கடமா இருக்கும். பொண்ணோட அண்ணன் மட்டும் வந்தாப் போதும்." சரி என்றேன். வேறென்ன சொல்ல.

பழைய வீடு. என் மகன் செந்தில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணமாகி எட்டே மாதம். நாங்குநேரி ரோட்டில் லாரி. கோமதியின் அண்ணன் வந்து கூப்பிட்டும் அவள் போகவில்லை. எங்களோடேயே இருந்துவிட்டாள். அவளுக்கு இந்த வரனைத் தேடியது நான்தான், ஆபீஸ் தோழி மூலம். முதல் மனைவியை இழந்தவர். பிள்ளை இல்லை. நிதானமான பேச்சு. கோமதிக்கு இருபத்தாறுதான் ஆகிறது.

இவரிடம் போன் விஷயத்தைச் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து போய்க் குழாயை மூடினார். மகன் போனதிலிருந்து இப்படித்தான்.

ஜூன் 26, புதன்

ரவிக்கைத் துணி எடுத்தாயிற்று. மாம்பழ மஞ்சள். தைலம் மறந்துவிட்டது.

ஆபீசில் எல்லாருக்கும் ஒரே பேச்சு. ஆனித் திருவிழாவை ஒட்டி ஆற்றங்கரையில் விளக்கு அலங்காரம். அதிலும் ஒரு டிராயிங் மாஸ்டர் ஆற்றுக்குக் குறுக்கே என்னவோ புதுசாகச் செய்திருக்கிறாராம். பார்த்தவர்களில் பாதிப் பேர் பிரமாதம் என்கிறார்கள், பாதிப் பேர் பைத்தியக்காரத்தனம் என்கிறார்கள்.

கோ. இந்த இரண்டு வருஷத்தில் ஆபீஸ், கடை, கோயில் தவிர எங்கும் போனதில்லை. கூட்டிப் போக வேண்டும். இனி எப்போது.

ஜூன் 28, வெள்ளி

மழை இல்லை. காற்று மட்டும். இவர் வரவில்லை, முழங்கால். நானும் கோ.வும் மட்டும். கொக்கிரகுளத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடை.

கரை முழுக்க மூங்கில் சட்டங்களில் குண்டு பல்பு. தோகை விரிக்கும் மயில், துதிக்கை தூக்கும் யானை, நீல பல்பில் குற்றால அருவி. பிள்ளைகள் கத்தல். அதையெல்லாம் தாண்டி, கரையோரக் கல்மண்டபத்துப் பக்கம்தான் அந்த மாஸ்டர் செய்தது. ஆற்றுக்குக் குறுக்கே கம்பி இழுத்து, நூற்றுக்கணக்கில் ஓலைக் கூடைகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பல்பு. மேற்கே ஒரு கூடை பைய வெளுக்கிறது, அது மங்க அடுத்தது, அப்புறம் அதற்கடுத்தது. வெளிச்சம் கிழக்கே நகர்ந்துகொண்டே போகிறது. உருவம் எதுவும் இல்லை.

எங்களுக்கு முன்னால் இரண்டு பேர்.

"ஏலே, இதுல முருகன் எங்கலே?"

"முருகனுமில்ல, மயிலுமில்ல அண்ணாச்சி. வெறும் லைட்டுதான்."

"வெறும் லைட்டப் பாக்கவா இம்புட்டு தூரம் நடத்திக் கூட்டியாந்த?"

மாஸ்டர் அங்கேயேதான் நின்றார். ஒல்லி, சட்டையெல்லாம் பெயிண்ட். ஒரு பெண் கேட்டதற்கு, "ஆறு போவுதுல்லா, அது மாதிரி வெளிச்சமும் போவுது. அம்புட்டுதாம்மா" என்றார்.

கோ. செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுக் கணுக்கால் தண்ணீர் வரை இறங்கிவிட்டாள். "அத்தை, அங்கன பாருங்க. தண்ணிக்குள்ள இன்னொண்ணு ஓடுது." அவள் குரல் அப்படி உயர்ந்து எத்தனை நாளாயிற்று.

பூக்காரி வந்தாள். "பிச்சிப்பூ தாயி, ரெண்டு முழம் தரட்டா?" வாங்கி நானே கோ. தலையில் வைத்தேன். சுருங்கிப்போனாள்.

"யாராச்சும் பாத்துருவாவ அத்தை."

"பாக்கட்டும்."

மணலில் உட்கார்ந்தோம். அவித்த கடலை வாங்கி வந்தேன், அவள் தொடவில்லை. தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நான் போகலேன்னா என்ன அத்தை? ஆபீசுக்குப் போறேன், வாறேன். ஒங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லியே. மாமாவுக்கும் யாரு இருக்கா?"

என் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல்கள் சில்லென்று ஈரம். 'சரிட்டி, போகாத' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தை போதும், இருந்துவிடுவாள். நானும் இவரும் போன பிறகு அந்த வீட்டில் தனியாக, நாற்பது வயதில், ஐம்பது வயதில். நல்ல வார்த்தை சொன்னால் போக மாட்டாள் என்று தெரிந்துவிட்டது.

கையை உருவிக்கொண்டேன். "ஒன் மூஞ்சியப் பாக்கும்போதெல்லாம் அவன் செத்ததுதான்ட்டி ஞாபகம் வருது. நீ போனாத்தான் எனக்கு நிம்மதி."

என் குரல்தானா அது.

அவள் அழவில்லை. சேலையில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு எழுந்தாள். "சரி அத்தை." அவ்வளவுதான். கூட்டத்தில் எனக்கு முன்னால் நடந்தாள். பாலம் வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பொய். அவள் முகத்தைப் பார்த்துத்தான் இரண்டு வருஷமாக எனக்குச் சோறு இறங்கியது. இதை இங்கேதான் எழுத முடியும்.

ஜூன் 30, ஞாயிறு

வெயிலும் சாரலும் மாறி மாறி. கோ. துணிகளை அடுக்குகிறாள். கேட்டால் பதில், கேட்காவிட்டால் இல்லை. "காப்பி வேணுமாட்டி?" "வேண்டாம் அத்தை." மதியம் புளிக்குழம்பு, அவளுக்குப் பிடித்த சுண்டவற்றல் போட்டு. பாதியில் எழுந்துவிட்டாள்.

ஜூலை 2, செவ்வாய்

அண்ணன் வந்து அம்பாசமுத்திரம் கூட்டிப் போனான். இனி அங்கிருந்துதான் கல்யாணம். ஒரு சூட்கேஸ், ஒரு பை. இவர் காலில் விழுந்தாள், அப்புறம் என் காலில். இவர் அவள் தலையில் கை வைத்து வெகுநேரம் எடுக்கவில்லை. என் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

ஆட்டோ திரும்பும் வரை நின்றேன். பக்கத்து வீட்டு அம்மா: "என்ன, மருமகள அனுப்பி வச்சாச்சா? நல்ல காரியம் செஞ்சிய." தலையாட்டினேன்.

ஜூலை 5, வெள்ளி

மேகமூட்டம். ஆபீசுக்கு லீவு போட்டேன், எதற்கென்று எனக்கே தெரியவில்லை. முகூர்த்தம் ஒன்பதரைக்கு. இவர் விடியற்காலையிலேயே, "பத்தமடைக்குப் போயி ஒரு பாய் வாங்கிட்டு வாறேன்" என்று கிளம்பிவிட்டார். வீட்டில் பாய்க்கு என்ன குறை? என்னோடு இருக்க முடியாமல் போகிறார் என்று நினைத்தேன். ஒன்பதரைக்குச் சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். வேண்டத் தோன்றவில்லை. சும்மா உட்கார்ந்தேன்.

நாலு மணிக்கு வந்தார். பாய் இல்லை. வேட்டி ஓரமெல்லாம் கடல் மணல். சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். பன்னீர் இலையில் விபூதி.

"திருச்செந்தூருக்கா போனிய?"

"ம். கூட்டத்தோட கூட்டமா, தூண் பக்கத்துல நின்னேன். யாருக்கும் தெரியாது."

"அவ எப்படி இருந்தா?"

"நல்லா இருந்தா. அந்தப் பையன் அவளப் பைய, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனான்." தண்ணீர் கேட்டார். குடித்தார். பிறகு, "போகும்போது என்னப் பாத்துட்டா" என்றார்.

"என்ன செஞ்சா?"

"ஒண்ணும் செய்யல. என்னப் பாத்தா. அப்புறம் எனக்கு இந்தப் பக்கம் பாத்தா, அந்தப் பக்கம் பாத்தா. நீ நிக்கியான்னு தேடுனா."

விபூதி பூசிக்கொண்டேன். பால்காரர் மணியடிக்கிறார், போகணும்.