வண்டிக்கு முன்னால் ஒரு சலாம்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. நாங்கள் மூவரும் நலம் என்று தொடங்கத்தான் கை போனது. பாதி எழுதி அடித்துவிட்டேன், மேலே தெரிகிற கிறுக்கல் அதுதான். நீயும் அத்தானும் பிள்ளைகளுமாவது நன்றாக இருங்கள்.

உறைக்குள் கெட்டியாக ஏதோ விரலில் தட்டியிருக்கும். அதை அப்புறம் எடுத்துப் பார். முதலில் இதை முழுதும் படி. ஃபோனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். ஃபோனில் சொன்னால் நீ அழத் தொடங்குவாய், உடனே நான் "சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்க்கா" என்று மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எழுதி ஒட்டிப் பெட்டியில் போட்டுவிட்டால் மாற்ற முடியாது.

பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கச் சந்தில் வேனை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்து எழுதுகிறேன். மணி பதினொன்று. மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் பதினாறு பிள்ளைகள் ஓடி வந்து ஏறும். அதற்குள் எழுதி முடித்தாக வேண்டும். எழுத்து கோணலாக இருக்கிறது என்றால் அது ஸ்டியரிங் வளைந்திருப்பதால். கண்ணால் இல்லை. நேராகப் பார்த்தால் எனக்கு இன்னமும் நன்றாகத் தெரிகிறது.

ஆமாம் அக்கா, கண்தான். அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது.

அப்பா சாயங்காலமானால் நம் தோளில் கை போட்டுக்கொண்டுதான் நடப்பார், நினைவிருக்கிறதா? பாசம் என்று நினைத்தோம். பாசமும்தான். பட்டப்பகலிலேயே வாசல் நிலையில் இடித்துக்கொள்வார். ஒரு சொட்டு தொடாத மனுஷனைத் தெருவே குடிகாரன் என்றது. அவர் வாய் திறக்கவில்லை. கண் தெரியவில்லை என்று சொல்வதைவிடக் குடிகாரன் என்ற பெயரே தேவலை என்று இருந்திருக்கிறார். முன்பெல்லாம் எனக்கு அது புரியாது. இப்போது நன்றாகவே புரிகிறது.

போன வருஷம் நீ ஃபோனில் "கண்ணு எப்படிடா இருக்கு, மறைக்காம சொல்லு" என்று கேட்டாய். "கழுகுப் பார்வை" என்றேன். அன்று காலையில்தான் காலடியில் இருந்த வாளியில் கால் இடறி விழுந்திருந்தேன்.

என் காலில் சக்கரம் என்று அத்தான் கேலி செய்வார். ஒன்பது வருஷத்தில் ஐந்து வேலை, எட்டு வீடு. ஓர் இடத்தில் குந்தத் தெரியாதவன் என்று என் பெண்டாட்டி இவளும் தன் அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். நான் சிரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வேன். குளிர்பதனக் கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டினேன். ஒருநாள் இடதுபக்கத் தூணில் உரசியது. மறுநாளும் அதே தூணில் உரசியது. மூன்றாம் நாள் அந்தப் பக்கமே போகவில்லை, சம்பளப் பாக்கியைக்கூடக் கேட்கவில்லை. பார்சல் கம்பெனியில் பைக்கில் போனபோது, பக்கத்தில் வந்த தள்ளுவண்டி எனக்குத் தெரியவே இல்லை. பழமெல்லாம் ரோட்டில் உருண்டது. அங்கே கணக்கை முடித்துக்கொண்டு ஊரையே மாற்றினேன். காவலாளி வேலையில், பொழுது சாயும் நேரத்தில் உள்ளே வந்த முதலாளிக்கே வணக்கம் வைக்காமல் நின்றேன். திமிர் பிடித்தவன் என்று அவர்களே அனுப்பிவிட்டார்கள். தச்சுப் பட்டறையைப் பற்றி எழுதவே வேண்டாம், என் இடது கைச் சுண்டுவிரலைக் கேட்டால் சொல்லும். வேலை பிடிக்காமல் நான் எங்கேயும் கிளம்பவில்லை அக்கா. பிடிபடுவதற்கு முந்தின நாள் கிளம்பினேன்.

புது வீட்டுக்குப் போனால் சாமான்களை எப்படி வைக்கிறேன் என்று இவளைக் கேட்டுப் பார். எல்லா வீட்டிலும் கட்டில் வலது சுவரோரம், அடுப்பு நேர் எதிரே, ஸ்டூல் ஜன்னலுக்குக் கீழே, நடுவில் ஒரு துரும்பு கிடக்கக் கூடாது. "உங்க தம்பி மாதிரி சுத்தம் பாக்கற ஆம்பளை உண்டா" என்று உன்னிடமே பெருமை பேசினாளே. சுத்தமாவது மண்ணாங்கட்டியாவது. எதிலும் இடிக்காமல் நடக்கிற வழி அது. இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

நான்கு மாதத்துக்கு முன்னால் கண் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். சுவரில் மாட்டிய எழுத்துகளைக் கடைசி வரி வரைக்கும் படித்தேன். லைசென்ஸ் புதுப்பிக்கும்போதும் அப்படித்தான் படித்தேன், அவர்களும் சந்தோஷமாக முத்திரை குத்தினார்கள். பிறகு ஓர் இருட்டு அறையில், வெள்ளைக் கிண்ணம் மாதிரியான ஒரு மெஷினில் தாடையை வைக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பட்டன். "நேராவே பாருங்க, வெளிச்சப் புள்ளி எங்க தெரிஞ்சாலும் அமுக்குங்க" என்றாள் நர்ஸ். நடுவில் நாலைந்து புள்ளி வந்தது, அமுக்கினேன். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மெஷின் நின்றுவிட்டது போலிருக்கிறது, கரண்ட் போயிருக்கும், அவர்களே சரிசெய்யட்டும் என்று காத்திருந்தேன். "அவ்வளவுதாங்க, முடிஞ்சுது, எழுந்திரிங்க" என்றாள். இன்னும் தொடங்கவில்லையே என்று கேட்டேன். அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். எனக்கு அடுத்து உட்கார்ந்த பெரியவர் டிக், டிக், டிக் என்று விடாமல் அமுக்கினார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் ஒரு தாளில் பெரிய வட்டம் போட்டார். அதற்குள் ஒரு குழந்தை வளையல் அளவுக்கு இன்னொன்று. மற்றவர்களுக்குத் தெரிவது பெரிய வட்டமாம், எனக்கு மிச்சம் இருப்பது வளையலாம். அதுவும் சின்னதாகிக்கொண்டே வருமாம். போனதைத் திரும்பக் கொண்டுவர மருந்து இல்லை என்றார். வண்டி ஏதும் ஓட்டுகிறீர்களா என்று கேட்டார். இல்லை சார், கடையில் உட்கார்ந்த வேலை என்றேன். பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் அழைத்து வாருங்கள், அவர்களையும் பார்த்துவிட வேண்டும் என்றார். சரி சார் என்று தலையாட்டினேன். வெளியே வந்து நேராக வேனை எடுத்தேன்.

திட்டாதே. திட்டு, ஆனால் காரணத்தையும் கேள். டிரைவர் பிள்ளைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் ஃபீஸ் இல்லை. என் மகள், நம் வாயாடிக்கு ஒன்பது வயதாகிறது. ஒரே பள்ளிக்கூடத்தில் அவள் இரண்டு வருஷம் சேர்ந்தாற்போல் படிப்பது இதுதான் முதல் தடவை. இதற்கு முன்னால் அவளுக்குச் சிநேகிதி என்று ஒருத்தி கிடையாது, அமைவதற்குள் நான் மூட்டை கட்டிவிடுவேன். இப்போது ஒருத்தி இருக்கிறாள். இருவரும் வேனில் முன் இருக்கையில் ஒட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். அதைக் கலைக்க மனசு வரவில்லை.

மனசு வராத இடத்தில் மூளை குறுக்குவழி தேடும். நானும் ஒன்று கண்டுபிடித்தேன். பிள்ளைகள் இறங்குவது இடதுபக்கக் கதவு வழியாக. அந்தப் பக்கம் எனக்கு இருட்டு. கண்ணாடியில் பார்த்தாலும் வளையல் அளவுதான். அதனால் ஒரு சட்டம் போட்டேன். இறங்கிய பிள்ளை ஓடி வந்து, வண்டிக்கு நேர் முன்னால் நின்று, எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். நானும் பதில் சலாம் வைப்பேன். அதற்குப் பிறகுதான் வண்டி நகரும். பிள்ளைகளுக்கு ஒரே குஷி. விதவிதமாக வைக்கும், ஒரு காலைத் தூக்கிக்கொண்டு, நாக்கை நீட்டிக்கொண்டு. தாய்மார்கள் என்னைக் கொண்டாடினார்கள். எவ்வளவு பாசமான டிரைவர் என்று பள்ளிக்கூடத்தில் பாராட்டினார்கள். நாமும் அப்பாவைப் பாசம் என்றுதானே நினைத்தோம்.

நேற்று சாயங்காலம் நடந்ததை எழுதுகிறேன். இதை எழுதத்தான் இத்தனை சுற்று சுற்றினேன்.

இருப்பதிலேயே சின்னவள் ஒருத்தி, முன்பல் இரண்டும் விழுந்தவள், ஓட்டைப்பல் என்றுதான் கூப்பிடுவோம். சைக்கிள் கடைக்கு எதிரே இறங்கினாள். முன்னால் வந்து இரண்டு கையாலும் சலாம் வைத்தாள். நானும் வைத்தேன். அவள் இடதுபக்கமாக ஓடி என் வளையலைவிட்டு வெளியே போனாள். சலாம் வந்தாகிவிட்டது, என் கணக்கில் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள். கியரைப் போட்டேன். வண்டி நகர்ந்தது.

"அப்பா நில்லு" என்று நம் வாயாடி அலறிய அலறல் இன்னும் காதில் இருக்கிறது. கால் தானாக பிரேக்கில் விழுந்தது. சக்கரத்துக்கு அடியில் ஏதோ மளுக்கென்றது. அக்கா, அந்தச் சத்தத்துக்கும் நான் இறங்கி ஓடியதற்கும் நடுவில் இருந்த நேரத்தை என் எதிரிக்கும் கொடுக்கக் கூடாது.

பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவின் மூடி. அது உருண்டு வந்திருக்கிறது, எடுக்கத் திரும்பி வந்து முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்திருக்கிறாள். அவள் விரலுக்கும் டயருக்கும் ஒரு சாண்கூட இல்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, "அங்கிள், மூடி ஒடைஞ்சுபோச்சு, எங்கம்மா திட்டுவாங்க" என்றாள். அவள் அம்மா எதிர்வாசலில் யாரோடோ பேசிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்து எனக்கு ஒரு சிரிப்பு சிரித்தாள். நானும் சிரித்தேன் அக்கா.

வீட்டுக்கு வந்து, வயிறு சரியில்லை என்று படுத்துக்கொண்டேன். இதையும் கேள். இன்று காலையும் வண்டியை எடுத்தேன். இன்றைக்கு ஒருநாள், கவனமாக, மெதுவாக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு எடுத்தேன். வாயாடி சிநேகிதி பக்கத்தில் உட்காராமல் என் இருக்கைக்குப் பின்னால் வந்து நின்றாள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யாருக்கும் கேட்காமல் என் காதில், "எடதுபக்கம் யாரும் இல்லப்பா, போலாம்" என்றாள். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். "உங்களுக்கு அந்தப் பக்கம் தெரியாதுன்னு எனக்கு ரொம்ப நாளா தெரியும். அம்மாகிட்ட சொல்லல" என்றாள். இத்தனை நாள் அவள் முன் இருக்கையில் உட்கார்ந்தது சிநேகிதிக்காக மட்டும் இல்லை. பதினாறு பிள்ளைகளின் உயிரை ஒன்பது வயதுக் குழந்தை தலையில் வைத்துவிட்டு நான் சலாம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு என்னால் ஓட்ட முடியாது.

இப்போது உறைக்குள் இருப்பதை எடுத்துப் பார். என் லைசென்ஸ். தெரு முனையில் தபால் பெட்டி, இங்கிருந்து இருபத்தாறு எட்டு. போட்டுவிட்டு நேராக ஆபீஸுக்குப் போய் வேன் சாவியைக் கொடுத்துவிடுவேன். காரணத்தையும் சொல்லிவிடுவேன். அடுத்த வேன் டிரைவர் மீசைக்காரர் நல்ல மனுஷன், இன்றைக்கு இரண்டு நடை அடித்து எல்லாப் பிள்ளைகளையும் கொண்டுபோய் விடுவார். இன்று பொழுது சாய்வதற்குள் இவளிடமும் சொல்லியாக வேண்டும். அவள் என்ன சொல்வாளோ என்று பயமாக இருக்கிறது. உதைத்தாலும் பரவாயில்லை, இன்னொரு வீடு மாற மாட்டேன்.

ஒன்றை மட்டும் உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அடுத்த வாரமோ அடுத்த மாதமோ நான் ஃபோன் செய்வேன். அக்கா, நல்ல வேலை ஒன்று வந்திருக்கிறது, பகலில் மட்டும்தான், ரோட்டில் கூட்டமே இல்லை, லைசென்ஸை அனுப்பிவை என்பேன். தேனொழுகப் பேசுவேன். உன் மேல் சத்தியம் என்பேன். அனுப்பாதே. நான் அழுதாலும் அனுப்பாதே. அத்தானிடமும் சொல்லிவை, அவர் இளகிய மனசுக்காரர்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுத வேண்டாம் என்று பார்த்தேன், கை கேட்கவில்லை. போன வாரம் விளக்கு வைக்கும் நேரத்தில் வாயாடி வாசலில் செருப்பைத் தேடினாள். அது அவள் காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. தரையைத் தடவித் தடவித் தேடினாள். விளையாடுகிறாள் என்று இவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்றும் இருக்காது, பிள்ளைகள் அப்படித்தான் தேடும் என்று ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டுவிட்டேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வா அக்கா. திங்கட்கிழமை அவளை அந்த ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். மெஷினுக்கு முன்னால் அவளை உட்காரவைத்துக் கையில் பட்டனைக் கொடுக்கும்போது நீ அவள் பக்கத்தில் இரு. என்னால் உள்ளே நிற்க முடியாது. கதவுக்கு வெளியே அந்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அந்த டிக், டிக் சத்தம் விடாமல் எனக்குக் கேட்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வா.

இப்படிக்கு,
உன் தம்பி