விருந்தாளிக்காக நின்ற ஆலை

கார்த்திகை 6, திங்கள்

மூடுபனி. தொண்டை கரகரப்பு, சுக்கு வெந்நீர். ஞாயிற்றுக் கூட்டத்தில் நான் ஆற்றவேண்டிய உரைக்குக் குறிப்பு எழுதவேண்டும். எழுதவில்லை.

பக்கத்து மலைக் கிராமங்களான தேவனூர் நாட்டிலிருந்து பொன்னம்மாள் வந்தார். சாமைக்கு உமி நீக்கும் சிற்றாலையை ஐந்து பெண்களாகக் கூடி நடத்துகிறார்கள். கல் நீக்கும் பொறி வாங்க வங்கிக் கடன் கேட்டிருக்கிறார்கள். அரிசியில் இனியும் கல் கிடந்தால் சேலத்துக் கடைக்காரர் எடுக்கமாட்டாராம். நாளை வங்கி மேலாளர் ஆலையைப் பார்வையிட வருகிறார்.

"நீங்க வந்து நாலு வார்த்த பேசுனீங்கன்னா அவரு மனசு எளகிடுமுங்க."

நாலா? என்னிடம் நானூறு இருக்கின்றன.

கார்த்திகை 7, செவ்வாய்

தோல்வி.

ஆலை கோயில்போல் கழுவப்பட்டு, வாசலில் கோலம், உள்ளே பாய். பெண்கள் புதுச் சேலையில். உமி நீக்கும் பொறி அசைவற்று. நான் எழுந்து உழைப்பின் மாண்பு பற்றி முழங்கினேன். மேலாளர் இளைஞர், பொறியை விரலால் தடவிப் பார்த்தார்.

"உமி கூட இல்லையே. ஓடாத ஆலைக்கு எப்படிங்க கடன் தர்றது?"

காப்பியைத் தொடாமல் புறப்பட்டுவிட்டார். ஏன் நிறுத்தினீர்கள் என்று பொன்னம்மாளைக் கேட்டேன்.

"விருந்தாளி வரயில தூசி கெளப்புவாங்களா சாமி? அவரு போட்டிருந்தது வெள்ளச் சட்டைங்க."

"அதை அவரிடமே சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்கீங்க எங்களப் பேச உட்டீங்க?"

மற்ற நால்வருக்கும் முந்தானைக்குள் சிரிப்பு. சுட்டது. ஆனால் நியாயம்.

கார்த்திகை 8, புதன்

மழை. பேருந்து தாமதம். செம்மேட்டு வங்கி. வழியெல்லாம் ஒத்திகை பார்த்த உரையை வாசலிலேயே விட்டேன். ஆலை நின்ற காரணத்தை மட்டும் சொன்னேன், பிறகு ஒன்றே ஒன்று: "சொல்லாமல் ஒருநாள் வாருங்கள்."

மேலாளர் சிரித்தாரா? தெரியவில்லை. குடையை அங்கேயே மறந்துவந்தேன்.

கார்த்திகை 10, வெள்ளி

வெயில். நாளை சந்தை, ஆலையில் நெரிசல். வீட்டுச் சாமையோடு நானும். திடீரென மேலாளர், கையில் என் குடை. பொன்னம்மாள் நிமிரவே இல்லை.

"வரிசையில நில்லு கண்ணு. எத்தன மூட்ட?"

நின்றார். வெள்ளைச் சட்டை தவிட்டு நிறம். தும்மலுக்கு மேல் தும்மல். ஆளை அறிந்ததும் ஐவரும் பதறிப் பொறியை நிறுத்த ஓடினர்.

"நிறுத்தாதீங்க!" மேலாளர்தான். அரிசியை அள்ளி, கல் ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "திங்கக்கிழமை அஞ்சு பேரும் கையெழுத்துப் போட வாங்க. கடன் தர்றோம்."

நன்றியுரை ஆற்ற வாய் திறந்தேன். பொறியின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பொன்னம்மாள் காதருகே வந்து கத்தினார்.

"பேச்சு அப்பறமுங்க. இந்தச் சாக்கப் புடிங்க."

பிடித்தேன்.