கதவுக்கு அடியில் அரை அங்குலம்

அன்புள்ள சவரி மச்சான்,

கல்லறைத் திருநாளன்று உன் பக்கத்தில் வந்து நின்றேன். லூர்து மெழுகுவத்தி ஏற்றினாள். நான் செவ்வந்தியை உதிர்த்துப் போட்டேன். உன்னிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று வீட்டிலிருந்தே வார்த்தைகளை வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தேன். அதற்குள் பக்கத்துக் கல்லறைக்காரர்கள் குடும்பத்தோடு வந்து சேர்ந்துவிட்டார்கள். அத்தனை பேர் நடுவில் வாய்விட்டுப் பேச எனக்குக் கூச்சம். என்னை உனக்குத் தெரியாதா என்ன.

அதனால் எழுதுகிறேன். நம் பங்குக் கோயிலின் ஆண்டு மலரில் மறைந்தவர்களுக்கு எழுத சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். மற்றவர்களும் படிப்பார்கள். படிக்கட்டும். பேசுவதைவிட எழுதுவதில் எனக்குப் பயம் கொஞ்சம் குறைவு. அவர்களுக்காக ஒரு வரி: லூர்து என் மனைவி, இவனுடைய ஒரே தங்கை.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்டியாகிவிட்டது.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் நடந்தது உனக்கு நினைவிருக்கும். லூர்து வெந்நீரில் குளிக்கப் போனாள். போகும்போதே தரைக்குப் பினாயில் ஊற்றியிருந்தாள். கால் மணி நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவள் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பேச்சு வரவில்லை. நெஞ்சு மட்டும் விசில் அடித்தது. ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், முகத்தில் மாஸ்க் வைத்து, இரண்டு நாள் படுக்க வைத்தார்கள்.

நீ ஊரப்பாக்கத்திலிருந்து நனைந்த சட்டையோடு மின்சார ரயில் பிடித்து வந்தாய். அவளைப் பார்த்துவிட்டு, மாற்றுத் துணி எடுக்க என்னோடு வீட்டுக்கு வந்தபோது குளியலறைக்குள் தலையை நீட்டினாய். கூரை முழுவதும் கறுப்பாகப் பூஞ்சை. சுவரெல்லாம் வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

“டேய் ஆரோக்கியம், இது குளிக்கிற ரூம் இல்லடா, இட்லிப் பானை. ஒரு ஃபேனைப் போட்டுத் தொலையேன்” என்றாய்.

“பார்க்கலாம்” என்றேன்.

அதற்குப் பிறகு வந்தபோதெல்லாம் கேட்டாய். ஒவ்வொரு முறையும் பார்க்கலாம் என்றேன். இந்தத் தவக்காலத்தில் நீ போய்விட்டாய். நான் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டே போயிருப்பாய். அது சரியில்லை. உண்மையான காரணத்தை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

எங்கள் குளியலறை வென்டிலேட்டர் பக்கத்து வீட்டுப் பத்மாவதி அம்மாவின் சமையலறை ஜன்னலைப் பார்த்தபடி இருக்கிறது. நடுவில் மூன்றடிச் சந்துதான். முன்னொரு தடவை எங்கள் தொட்டி நிரம்பி, தண்ணீர் அவர்கள் சுவரில் வழிந்தபோது அந்த அம்மா என்னைக் கேட்ட கேள்விகள் இன்னும் காதில் இருக்கின்றன. அவர்கள் ஜன்னலுக்கு நேராக நம் குளியலறைக் காற்றைத் தள்ள அனுமதி கேட்பதா? அந்த வார்த்தை என் வாயில் வரவில்லை. இரண்டு வருஷம் வரவில்லை.

நீ போன பிறகு, மழை தொடங்கும் முன் லூர்து மறுபடி இரவில் உட்கார்ந்து மூச்சு வாங்க ஆரம்பித்தாள். இனி நச்சரிக்க நீயும் இல்லை. ஒரு ஞாயிறு காலை, பூசை முடிந்த கையோடு, ஒரு தாளில் வென்டிலேட்டரையும் நடுவில் உள்ள சந்தின் அகலத்தையும் அளவோடு வரைந்து எடுத்துக்கொண்டு அவர்கள் கேட்டருகே போனேன்.

“என்ன சார், மோட்டார் மறுபடி ஓடிடுச்சா?” என்று பத்மாவதி அம்மா வெளியே வந்தார்.

“இல்லம்மா. பாத்ரூமுக்கு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போடலாம்னு... காத்து உங்க பக்கம் வரும். உங்களுக்கு ஆட்சேபணை இருக்கான்னு கேக்கலாம்னு...” தாளை நீட்டினேன்.

தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். “சார், எங்க கிச்சன் ஃபேன் எந்தப் பக்கம் பார்த்துகிட்டு இருக்கு?”

“எங்க பக்கம்.”

“எத்தனை வருஷமா?”

“ஏழு இருக்கும்.”

“நாங்க மீன் வறுத்தா உங்களுக்கு வாசனை வருமா, வராதா?”

“வரும்மா. வஞ்சிரம்னா தெரியும்.”

அந்த அம்மா சிரித்த சிரிப்பில் மாடியிலிருந்து அவர் கணவர் எட்டிப் பார்த்தார். “ஏழு வருஷம் எங்க வீட்டு மீனை மோந்துகிட்டு ஒரு வார்த்தை சொல்லல. இப்ப ஒரு ஃபேனுக்குப் பிளான் போட்டு எடுத்துகிட்டு வந்து நிக்கிறீங்களே! போய் மாட்டுங்க சார். லூர்து அக்காவுக்கு மூச்சு நல்லா இருந்தா போதும்.”

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை மச்சான்.

மாட்டுவதற்குக் கீழ்க்கட்டளையிலிருந்து எலக்ட்ரீஷியன் காதர் பாய் வந்தார். மிஸ்டு கால் கொடுத்தால் வந்துவிடுவார் என்று சொன்னார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை, முழுதாகவே பேசினேன். வென்டிலேட்டரின் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டு, பலகை வைத்து, அதில் வட்டமாக அறுத்து ஃபேனைப் பொருத்த வேண்டும். ஈரக்கை படாதபடி சுவிட்ச் வெளியே இருக்க வேண்டும். எல்லாவற்றையும் நோட்டில் வரிசை எண் போட்டு எழுதி வைத்திருந்தேன்.

“இன்னா சார், ராக்கெட்டா வுடப் போறோம்? ஆறு இன்ச்சு ஃபேனு. இதுக்கு இம்மாம் கோடு கிழிச்சு வெச்சிக்கினு கீற!” என்றார் பாய்.

“காத்து வெளியேதானே போகும்? உள்ளே திரும்பிடாதே?”

“மூணாவது வாட்டி கேக்கற சார்.”

மதியத்துக்குள் வேலை முடிந்தது. மறுநாள் காலை ஃபேனைப் போட்டுவிட்டு, வெந்நீரைத் திறந்து, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நின்று பார்த்தேன். ஃபேன் நன்றாகச் சுற்றியது. சத்தமும் போட்டது. பத்து நிமிடத்தில் கண்ணாடியில் என் முகம் தெரியவில்லை. சுவர் பழையபடி வேர்த்தது.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன். ஏதோ தவறான ஃபேனை வாங்கிவிட்டேன் என்று தோன்றியது. பிறகு ஒரு கொசுவத்திச் சுருளைக் கொளுத்தி எடுத்துப்போய்ப் புகை எங்கே போகிறது என்று கவனித்தேன். கதவு திறந்திருந்தால் புகை நேராக ஃபேனுக்குள் போனது. கதவைச் சாத்தினால் என் தலைக்கு மேலேயே தயங்கித் தயங்கிச் சுற்றியது. ஐந்து முறை செய்தேன். ஐந்து முறையும் அதேதான்.

“கோயில்ல சாமியார் தூபம் போட்டுப் பார்த்திருக்கேன். பாத்ரூமுக்குத் தூபம் போடற ஆளை இப்பத்தான் பார்க்கிறேன்” என்றாள் உன் தங்கை, வெளியிலிருந்து.

மாலையில் காதர் பாய் வந்தார். ஃபேனைப் பார்க்கவே இல்லை. குனிந்து கதவின் அடிப்பக்கத்தை விரலால் தடவினார்.

“இது யாரு வேல சார்?”

“நான்தான்.”

“சூப்பரா ஒட்டிக்கீற. எறும்புகூடப் பூராது. ஆனா காத்து எப்டி சார் வரும்? வெளியேந்து உள்ள வந்தாத்தான உள்ளேந்து வெளிய போவும்? ஃபேனு இன்னா, காத்த அதுவா சமைச்சு அனுப்புமா?”

அது ஒரு ரப்பர் பட்டை மச்சான். லூர்துக்குப் பூரான் என்றால் உயிர் போய்விடும். ஒருநாள் கதவுக்கு அடியிலிருந்து ஒன்று வந்தது, தெருவே கேட்கும்படி அலறினாள். மறுநாளே கடைக்குப் போய்ப் பட்டை வாங்கி, ஸ்டீல் ஸ்கேலில் அளந்து, கதவின் கீழும் இரண்டு பக்கமும் இடைவெளியே இல்லாமல் ஒட்டினேன். வென்டிலேட்டர் கண்ணாடிகளைக் கொசுவுக்காக முன்பே இறுக்கி மூடியிருந்தேன். வரைபடப் பிரிவில் முப்பது வருஷம் வேலை பார்த்தவன் கை அல்லவா. நேர்த்தியாக வந்திருந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

பாய் பேசிக்கொண்டிருந்தார், எனக்குக் காதில் விழவில்லை. நான் மாதங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பட்டை ஒட்டியது செப்டம்பர். லூர்து மூச்சு முட்டி வெளியே வந்து உட்கார்ந்தது அதே வருஷம் நவம்பர்.

அன்றைக்கு வெந்நீர் ஆவியோடும் பினாயில் நெடியோடும் அவள் இருந்தது காற்றுப் புகாத ஒரு பெட்டியில். அந்தப் பெட்டியைச் செய்தவன் நான்.

நீ கூரையைத்தான் பார்த்தாய். தரையைப் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் “எங்க அப்பாவுக்கும் இதே நெஞ்சுதான், அவ என்ன பண்ணுவா” என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? குனிந்து பார்த்திருந்தால் என்னை என்ன சொல்லியிருப்பாய்? அந்தப் பட்டை இல்லாதிருந்தால் அவளுக்கு அன்று ஒன்றும் ஆகியிருக்காதா? எந்த டாக்டரிடம் இதைக் கேட்பது? உன்னிடம் சொல்ல நினைத்து வந்தது இதைத்தான்.

பாய் தானே அறுத்து எடுத்துவிடுவதாகச் சொன்னார். வேண்டாம், நான் ஒட்டியதை நானே எடுக்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். லூர்துவிடம் சொல்வதா வேண்டாமா என்று ஒரு நாள் முழுவதும் யோசித்தேன். மறுநாள் பிளேடை எடுத்துக்கொண்டு கதவுப் பக்கம் உட்கார்ந்தேன். அவள் எதிரே முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

“லூர்து, அன்னைக்கு உனக்கு மூச்சு முட்டிச்சே, அப்பவே இந்த ரப்பர் இருந்தது.”

“ஆமா, இருந்துச்சு.”

“நான்தான் ஒட்டினேன்.”

“பின்ன? பத்மா வந்து ஒட்டிட்டுப் போனாங்களா?”

“அதனாலதான் உள்ளே காத்து இல்லாம...”

கையிலிருந்த கொத்தை உருவி முடித்தாள். பிறகு சொன்னாள்: “நான் பூரானுக்குப் பயந்தேன், நீங்க ஒட்டினீங்க. ரெண்டு வருஷமா ஒண்ணு வரல. அதையும் உங்க நோட்டுல எழுதிக்குங்க.”

நான் பட்டையின் ஒரு முனையில் பிளேடை வைத்தேன்.

“ஆனா ஒண்ணு. பக்கத்து வீட்டம்மாகிட்ட பிளான் காட்டிக் கேட்டீங்க. கரண்ட்டுக்காரர்கிட்ட மூணு வாட்டி கேட்டீங்க. என்கிட்ட ஒரு வாட்டி கேட்டீங்களா? உள்ள இருக்கப் போறது நான்.”

கேட்கவில்லை மச்சான். பட்டை ஒட்டும்போதும் கேட்கவில்லை, ஃபேன் வாங்கும்போதும் கேட்கவில்லை. எல்லாருக்கும் பயப்படும் நான் அவளிடம் மட்டும் எதையும் கேட்டதில்லை. அவள் என் பக்கம்தானே என்ற நினைப்பு. இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது.

அன்று கேட்டேன். கதவுக்கு அடியில் அரை அங்குலம் விட வேண்டும் என்று அவள்தான் சொன்னாள். அதில் மெல்லிய கம்பி வலை அடிக்க வேண்டும் என்பதும் அவள் யோசனை. காற்று வரும், பூரான் வராது.

இப்போது கண்ணாடியில் முகம் தெரிகிறது. கூரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. இந்த மழையில் அவளுக்கு இருமல் இருக்கிறது, இன்ஹேலரும் வேண்டியிருக்கிறது. ஆனால் உட்கார்ந்தபடி விடிந்த இரவு ஒன்றும் இதுவரை இல்லை. இதற்கு மேல் கூட்டிச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஒரு புதுக் கவலை மட்டும் வந்திருக்கிறது. ஃபேன் சத்தத்தில் உள்ளே அவள் இருமினாலும் வெளியே கேட்பதில்லை. இந்த முறை நானாக எதையும் செய்யவில்லை, அவளிடமே கேட்டேன். தாழ்ப்பாள் போடாமல் இருக்கச் சம்மதித்தாள். நடுநடுவே ஒரு குரல் கொடுக்க முடியுமா என்று கேட்டதற்கு, “நான் என்ன ஸ்கூல் பிள்ளையா, அட்டெண்டன்ஸ் குடுக்க?” என்றாள். கொடுக்கிறாள். சில நாள் “இருக்கேன்” என்கிறாள். சில நாள் “இன்னும் எங்க அண்ணன்கிட்ட போகல” என்கிறாள். நான் வெளியே நாற்காலியில் இருந்து “சரி” என்கிறேன்.

அந்த நாற்காலியை நான் அங்கேயே போட்டு வைத்திருப்பேன் மச்சான். உன் தங்கை குளித்து வெளியே வரும்வரை அதைவிட்டு எழுந்திருக்க மாட்டேன். எழுந்து போங்க என்று அவளே சொன்னால் மட்டும் போவேன்.

இப்படிக்கு,
உன் தங்கை வீட்டுக்காரன்,
ஆரோக்கியசாமி
சேலையூர்