பிளக்கைப் பிடுங்கிய பிறகும்

மார்ச் 4, செவ்வாய்

எழுதும் இயந்திரத்தின் மோட்டார் மறுபடியும் திணறி நின்றது. எழுத்தில் வளைவு வந்தாலே சுழல வேண்டிய அளவு சுழலாமல் படி தவறிவிடுகிறது. கம்ப்யூட்டர் பவர் சப்ளை தரும் பன்னிரண்டு வோல்ட் இதற்குக் காணவே காணாது.

இவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வருடம் கடைகளுக்கு போர்டு எழுதியவர். பக்கவாதம் வந்து ஏழு மாதமாக வலது கை மடியில் கிடக்கிறது. அந்தக் கை எழுதாவிட்டால் இயந்திரமாவது எழுதட்டும் என்றுதான், நான் வேலை பார்க்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையின் கழிசல்களை வைத்து இதைச் செய்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

இரண்டு பவர் சப்ளையை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்தால் இருபத்து நான்கு. முதலாவதின் பிளஸ்ஸான மஞ்சள் கம்பியில் இரண்டாவதின் மைனஸ், அந்தக் கறுப்பு, அவ்வளவுதானே? போட்டதும் ‘டப்’. இரண்டு கறுப்புமே இரும்புப் பெட்டி வழியாக எர்த்தில் ஒட்டியிருக்கின்றன, ஷார்ட் ஆகிவிட்டது. பதினொரு வருடம் இதே வேலை பார்ப்பவளுக்கு இது தெரிய வேண்டாமா!

மார்ச் 9, ஞாயிறு

கெட்டதற்குப் பதில் வேறொன்று கொண்டுவந்தேன். இரண்டாவதின் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகையை மட்டும் பெட்டியைத் தொடாமல் பிளாஸ்டிக் திருகுகளில் நிறுத்தினேன். பெட்டியின் எர்த்தில் கை வைக்கவில்லை. மீட்டரில் இருபத்து நான்கு. மோட்டார் சொன்ன பேச்சைக் கேட்டது, பிசிறில்லாமல் ஒரு ‘அ’ போட்டது.

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “அது அச்சு. எழுத்து இல்ல.”

மார்ச் 11, செவ்வாய்

மதியம் வந்து பார்த்தால் இயந்திரத்தின் பேனா தாங்கி மேசையின் இந்தக் கோடியில் நிற்கிறது. நான் விட்டது அந்தக் கோடியில். வீட்டில் இவரைத் தவிர யாரும் இல்லை. இவர் எதையும் பார்க்கவில்லையாம்.

மார்ச் 12, புதன்

இன்றும். பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தேன். மோட்டார் பலகையில் சிவப்பு விளக்கு எரியுது. பிளக் தரையில கிடக்குது. அணைஞ்சு அணைஞ்சு எரியுது — எங்கிருந்து வருது கரண்ட்?

அப்புறம்தான் உறைத்தது. தாங்கியைத் தள்ளினால் மோட்டார் சுழலும். சுழன்றால் அதுவே மின்சாரம் தரும். அப்படியானால் தள்ளுவது யார்?

கிட்டே போனேன். இவர் மேசையோரம் நாற்காலியில் இருந்தபடி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கை தாங்கியைப் பிடித்து மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தது. தாளில் ‘அ’. இவருடைய ‘அ’, பெரிய சுழி போட்டு.

உங்கள் கையைப் பாருங்கள் என்றேன். குனிந்தவர் வெளிறிப்போனார்.

“நான் இல்ல. சத்தியமா நான் இல்ல. அது என் கை இல்ல.”

இவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கை எழுத்தை முடித்தது.

மார்ச் 14, வெள்ளி

சிலருக்கு இப்படி ஆவதுண்டு, ஆளுக்குத் தெரியாமலே கை இயங்கும் என்றார் டாக்டர். குணமாகிறது என்று அர்த்தமா என்று கேட்டேன். மறுபடி வரச் சொன்னார்.

கையைக் கட்டிவைக்கச் சொல்லி இவர் அழுதார். துணியால் நாற்காலியோடு கட்டினேன். இது அசையணும்னுதானே ஏழு மாசமா வேண்டினேன்?

மார்ச் 16, ஞாயிறு

இயந்திரத்தைப் பிரித்துவிட்டேன்.

மதியம் இவர் கண்ணயர்ந்தபோது, கட்டிய இடம் சிவந்திருக்கிறதே என்று துணியை அவிழ்த்தேன். கை என் விரல்களைப் பிடித்துக்கொண்டது. நல்ல சூடு. விடவில்லை. எனக்கும் விட மனமில்லை.

இவர் கண்ணைத் திறக்காமலே, “கட்டியிருக்கா?” என்று கேட்டார்.

“கட்டியிருக்கேன், தூங்குங்க” என்றேன்.