நன்றாக இருக்கும்போதே கொடுக்க வேண்டியது

மூடியின் அடியில் குட்டிக் கரண்டி ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக் புட்டி எங்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் இருக்கிறது. இதை எழுதும்போதே எழுந்து போய், அது சாயாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன். நீங்கள் இருந்தால், "கிராணி, அது எங்கயும் ஓடிப் போயிடாது, உட்காருங்க" என்றிருப்பீர்கள்.

நில அலுவலகத்தில் எழுத்தராக இருந்த என்னை அப்படி அழைத்தவர் நீங்கள் ஒருவர்தான். நீங்களோ பெக்கான் நானாஸ் அன்னாசி ஆலையில் மேற்பார்வையாளர். ஜொகூர் பாருவில், குடல் நோய்க்கான கிளினிக்கில் அறிமுகமானோம். இருவருக்கும் பெருங்குடல் அழற்சி. நான் அதை மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் கல்யாணப் பந்தியிலேயே விளக்குவீர்கள்.

முதன்முறை டாக்டர் என்னிடம் மலம் கேட்டது நினைவிருக்கிறதா? குடலில் அழற்சி இருந்தால் அங்கே கூடும் வெள்ளணுக்களிலிருந்து ஒரு புரதம் மலத்தோடு வெளியேறும், அதை அளந்தால் உள்ளே குழாய் விடாமலேயே ஓரளவு தெரிந்துவிடும் என்றார். கால்புரோடெக்டின் என்று அதற்குப் பெயர். நீங்கள் "நம்ம கால்புரோ" என்பீர்கள், பக்கத்து வீட்டுக்காரரைச் சொல்வதுபோல.

அப்படியே கொடுப்பது மரியாதையாக இருக்காது என்று எண்ணி, குழாய்த் தண்ணீரில் அலசி எடுத்துப் போனேன். தாதி திருப்பித் தந்துவிட்டார். நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள்.

"அலமாக்! அதையும் குளிப்பாட்டியா கூட்டிட்டு வந்தீங்க? தண்ணி பட்டா அளவு தப்பாயிடும் லா. கீழ விழாம பேப்பர் விரிச்சுப் பிடிங்க."

"பேப்பர்ல எழுத்து இருக்குமே" என்று இழுத்தேன். எழுத்துள்ள தாள் காலில் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவன் நான். அதற்கு நீங்கள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தீர்கள்.

"கடையில நாசி லெமாக் சோறு மடிக்கிற பழுப்புத் தாள் இருக்குல்ல? எழுத்தும் கிடையாது, தண்ணியும் இறங்காது. ஒரு கட்டு வாங்கி வச்சுக்குங்க."

இன்றுவரை எனக்கு அந்தத் தாள்தான்.

பூப்பந்து ஆடிக்கொண்டு, மூன்று வேளையும் வெளுத்துக் கட்டிக்கொண்டிருந்த காலத்திலும் நீங்கள் தவணை தவறாமல் புட்டியைக் கொடுத்தீர்கள். ஒருமுறை அளவு ஏறியிருந்தது. வலி இல்லை, இரத்தம் இல்லை. டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, புண் தொடங்கியிருப்பதைக் கண்டு மருந்தை மாற்றினார். அந்த முறை நீங்கள் படுக்கவே இல்லை. "என்னை எது வேணும்னாலும் கொண்டு போகட்டும். குடல் மட்டும் கொண்டு போகாது" என்று சவால் விட்டீர்கள். கடைசியில் தூக்கத்திலேயே இதயம் நின்றது. சவாலில் நீங்கள்தான் ஜெயித்தீர்கள்.

இப்போது எனக்கும் வலி இல்லை. மருந்தைக் குறைக்கலாமா என்று டாக்டர் முடிவெடுக்கப் போவது பெரும்பாலும் இந்த அளவை வைத்துத்தான். தவறாகக் குறைத்தால் மறுபடி இரத்தப்போக்கு, மறுபடி வார்டு. நாளைக் காலை பொந்தியானிலிருந்து கிளினிக்குக்குப் பஸ் ஏற வேண்டும்.

மாலையில் மருமகள் குளிர்பெட்டியைத் திறந்தாள். "மாமா, அபிஷேகத்துக்கு வச்ச பால் இங்க இருக்கு. இதைக் கார்ல வச்சுக்கலாமே?"

மகனும் வந்தான். "நல்லாத்தானே இருக்கீங்கப்பா? அடுத்த தடவை கொடுத்துக்கலாம்."

சரி என்று சொல்வதற்கு வாய் திறந்துவிட்டேன். ஆயுள் முழுவதும் சொன்ன சொல் அது. அவர்கள் பக்கம் நியாயம் இல்லையா என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் வெளியே வந்தது வேறு.

"நல்லா இருக்கறதாலதான் இப்பவே கொடுக்கணும். கார் சூட்டுல கெட்டுப் போகும். மூடி இறுக்கமா இருக்கு, டப்பாவுக்குள்ள இருக்கு. பாலைப் பக்கத்து வீட்டுல வச்சுக்கம்மா. இது இங்கதான் இருக்கும். வெறும் மலம்தானே, நான் ஒண்ணும் திருடிக் கொண்டு வரலயே!"

மகன் குளிர்பெட்டியைச் சாத்தினான். மருமகள் பால் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, வாசலில் நின்று திரும்பினாள். "பஸ் எத்தனை மணிக்கு மாமா? பசியாற ஏதாவது கட்டித் தரேன்."

உங்கள் துணிச்சல் முழுவதும் எனக்கு வந்துவிடவில்லை. அதைச் சொல்லும்போது குரல் நடுங்கியது. நடுங்கினால் என்ன? சொன்னது சொன்னதுதான். நாளை கவுன்டரில், எல்லார் முன்னாலும், இதே நடுங்கும் குரலில், "மலம் கொண்டு வந்திருக்கேன்" என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வேன்.